ஏ.பி. டிராயிங் தொகுப்பு: வரைந்து வைத்திருக்கும் படங்கள் ஏன் போதாது?

உங்கள் கேள்வி இது. மகள் டெக்சஸில் பத்தாம் வகுப்பை முடிக்கிறாள். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் ஏ.பி. டிராயிங் பாடம் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை ஓவியப் பாடம்) எடுக்கப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே வரைகிற பிள்ளை. நடிகர்களின் முகங்கள், அனிமே பாத்திரங்கள், மயில், பரதநாட்டியப் பெண் என்று ஒரு பெட்டி நிறையப் படங்கள் இருக்கின்றன. தேர்வுக்கான தொகுப்புக்கு இவற்றில் எந்தப் பதினைந்தைத் தேர்ந்தெடுப்பது, டிராயிங் பிரிவா 2-டி (இரு பரிமாண வடிவமைப்பு) பிரிவா, கோடை விடுமுறையில் தனிப்பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெட்டியிலிருந்து பதினைந்தை எடுக்க முடியாது. படங்கள் மோசமாக இருக்கும் என்று சொல்லவில்லை. இத்தனை வருடம் விடாமல் வரைந்த கைக்குத் தேர்ச்சி வந்திருக்கும். ஆனால் ஏ.பி. பாடங்களை நடத்தும் காலேஜ் போர்டு அந்தத் தேர்ச்சியை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை.

இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. மே மாத முற்பகுதியில் இணையவழி ஒப்படைக்கும் தொகுப்புதான் தேர்வு. அதில் இரண்டு பகுதிகள். ‘சஸ்டெய்ன்ட் இன்வெஸ்டிகேஷன்’ என்ற தொடர் தேடலுக்கு 60 விழுக்காடு. இதற்கு 15 டிஜிட்டல் படங்கள். ‘செலக்டட் வொர்க்ஸ்’ என்ற தேர்ந்த படைப்புகளுக்கு 40 விழுக்காடு; இதற்கு 5 படைப்புகள். பெரிய பங்கான அந்தத் தொடர் தேடல் பகுதியை நூறாக வைத்து எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே விஷயம் புரியும். மாணவியைச் செலுத்தும் கேள்வி என்ன, அது படங்களில் தெரிகிறதா என்பதற்கு 20. பயிற்சி, சோதனை, திருத்தம் ஆகியவற்றுக்கான சான்றுகளுக்கு 30. பொருள், செய்முறை, எண்ணம் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்திருப்பதற்கு 30. வரையும் திறனுக்கு மீதி 20. ஆக, தொடர் தேடல் பகுதியில் கைத்திறமைக்கென்று தனியாக ஒதுக்கியிருப்பது ஐந்தில் ஒரு பங்குதான். பெட்டியில் இருக்கும் படங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே முடிந்துபோனவை. ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்கவில்லை. மதிப்பெண் தேடிப் போவது அந்தப் பிறப்பைத்தான்.

இடையில் ஓர் எச்சரிக்கை. உறவினர் வீட்டுப் பிள்ளை யாராவது பல ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடம் எடுத்திருந்தால் அவர்களுடைய அறிவுரை இப்போது பொருந்தாது. 2019-20 கல்வியாண்டில் அமைப்பே மாறிவிட்டது. அதற்கு முன் பல்வகைத் திறனைக் காட்ட 12, ஒரே கருப்பொருளில் 12, தரத்துக்கு 5 என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு சைக்கிள், ஒரு பழத்தட்டு, ஒரு முகம், ஓர் இயற்கைக் காட்சி என்று அடுக்கினால் முதல் பன்னிரண்டு நிரம்பிவிடும். இப்போது அந்தப் பல்வகைப் பகுதியே இல்லை. பழைய அமைப்பை நம்பிப் பாடம் நடத்தும் பயிற்சி வகுப்புகள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்கு வியப்புதான்.

சரி, கேள்வியைக் கண்டுபிடிப்பது எப்படி? பெரும்பாலான பிள்ளைகள் தலைப்பைத்தான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ‘மன அழுத்தம்’, ‘இயற்கையின் அழகு’, ‘எனது பண்பாடு’. இவை எல்லாம் தலைப்புகள். இவற்றை வைத்துக்கொண்டு மூன்று படம் வரையலாம். நான்காவதில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். நம் பிள்ளைகள் விஷயத்தில் மருதாணிக் கை, சலங்கைக் கால், மயில் இறகு என்று ஒரு வரிசை வந்துவிடும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பண்பாட்டைக் காட்சிக்கு வைப்பதோடு நின்றுவிட்டால் அங்கே தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. சலங்கை கட்டிய காலை அழகாக வரைந்துவிட்டாள், பிறகு? அடுத்த படத்தில் அதைவிட அழகாக இன்னொரு கால் வரைவாள், அவ்வளவே.

நல்ல கேள்விக்கு ஓர் அடையாளம் உண்டு: அதற்கு விடை வாயால் சொல்ல முடியாது, வரைந்துதான் பார்க்க வேண்டும். ஓர் உதாரணத்தை விரித்துச் சொல்கிறேன். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், எப்படி வளரும் என்று பார்ப்பதற்காகத்தான்.

ஊரில் இருக்கும் பாட்டியை அவள் பெரும்பாலும் வீடியோ அழைப்பில்தான் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்குப் போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. பாதி நெற்றி தெரியும், மேலே மின்விசிறி தெரியும், நடுவில் படம் உறைந்துபோகும், முகம் கட்டம் கட்டமாக உடையும். ‘சரியாகத் தெரியாத ஒருவரை நெருக்கமானவராக எப்படி வரைவது?’ என்பது ஒரு கேள்வி. முதலில் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்கெட்ச் புத்தகத்தில் வேகமாக வரைந்து தள்ள வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இருபது கிறுக்கல் தேறும். அதில் பெரும்பாலானவற்றில் முகத்தைவிட மின்விசிறிதான் தெளிவாக வந்திருக்கும். அங்கே ஒரு முடிவு எடுக்கலாம்: விசிறியைப் பெரிதாகவும் முகத்தைத் தாளின் கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டதாகவும் வைத்து 18க்கு 24 அங்குலத் தாளில் கரியில் ஒரு படம். அது முடிந்ததும், படம் உறைந்துபோகும் நொடியை வரையத் தோன்றும். முழு முகத்தையும் கரியால் வரைந்துவிட்டு ரப்பரால் சதுரம் சதுரமாக அழித்துப் பார்க்கலாம். அழித்த இடம் அழுக்காகத் தெரிகிறதே தவிர உடைந்ததாகத் தெரியவில்லை என்றால், அடுத்த முறை தாளையே கட்டங்களாக வெட்டி, சற்று விலக்கி ஒட்டிப் பார்க்கலாம். அதற்கடுத்து, போன் திரையின் வெளிச்சம் அழைப்பவளின் சொந்த முகத்தில் விழுவதைக் கவனிப்பாள். இருட்டு அறையில் கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் தன்னையே வரைவாள். பிறகு பாட்டியின் முகத்தை எந்தப் படமும் பார்க்காமல் நினைவிலிருந்து மட்டும் வரைந்து, திரையில் பார்த்து வரைந்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இரண்டில் எது அதிகம் பாட்டியாக இருக்கிறது? இந்த இடத்துக்கு வந்துவிட்டால் யாரும் அவளுக்குத் தலைப்பு சொல்ல வேண்டியதில்லை. மீதிப் படங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெட்டி ஒட்டிய தாளும், அழுக்காகிப்போன அந்தச் சோதனையும் கூடத் தொகுப்பில் இடம்பெறலாம் என்பதுதான். 15 படங்களும் முடிவுற்ற ஓவியங்களாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. செயல்முறையைக் காட்டும் படங்களும், ஸ்கெட்ச் புத்தகப் பக்கங்களும், ஒரு பகுதியை நெருக்கமாகக் காட்டும் படமும் அந்தப் பதினைந்துக்குள் வரலாம். சில கிறுக்கல்களை ஒரே படத்தில் சேர்த்து வைக்கவும் அனுமதி உண்டு. பத்து முடிந்த படங்களும் ஐந்து செயல்முறைப் படங்களும் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. அப்படி ஒரு விகிதத்தைக் காலேஜ் போர்டு விதிக்கவில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே என்ன மாறியது, ஏன் மாறியது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எத்தனை தேவையோ அத்தனை.

ஆகவே வீட்டில் இப்போதே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். எந்தத் தாளையும் எறியக் கூடாது. பாதியில் நின்ற படத்தையும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, தேதியை ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். ஏப்ரலில் உட்கார்ந்துகொண்டு ‘செயல்முறை’யைப் புதிதாகத் தயாரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், முடிந்த ஓவியத்தைப் பார்த்துச் சின்னதாக ஒரு பென்சில் வரைவை அழகாகப் போட்டு ‘முதல் ஸ்கெட்ச்’ என்பார்கள். அதில் தடுமாற்றமே இருக்காது என்பதாலேயே மாட்டிக்கொள்ளும்.

தொடர் தேடல் என்பது பள்ளிக்கூடத்துக்காகக் கண்டுபிடித்த சடங்கு என்று மகள் நினைத்தால் இரண்டு பேரைக் காட்டுங்கள். இத்தாலியின் போலோஞ்யா நகரில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964) அதே சில புட்டிகளையும் ஜாடிகளையும் பல பத்தாண்டுகள் மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தவர். புட்டிகள் மேல் தூசி படிவதைக்கூடத் துடைக்காமல் விட்டவர். இரண்டு புட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி குறைந்தால் என்ன ஆகிறது என்பதே அவருக்கு ஒரு வருட வேலை. இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிஜ். கரியில் வரைந்து, அழித்து, அதே தாளில் மீண்டும் வரைந்து, ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்து அசைபடமாக்குகிறார். அழித்த தடம் மங்கலாக அப்படியே தெரியும். திருத்தம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. தமிழ்நாட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களையும் எடுத்துக் காட்டலாம். ஒரே மனிதரைத் திரும்பத் திரும்ப வரைந்தும் கோடு சலிப்படையாமல் இருப்பது எப்படி என்று தெரியும்.

அடுத்தது, போட்டோவைப் பார்த்து வரைவது. இதில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. நடிகரின் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிய நகல் எடுப்பதைத்தான் பல பயிற்சி வகுப்புகள் ‘ரியலிசம்’ என்று சொல்லித் தருகின்றன. அதில் பொறுமை வளரும், பென்சில் பிடிக்கும் பக்குவம் வரும். கண் வளராது. மூன்று பரிமாணத்தை இரண்டாக்கும் முடிவை ஏற்கெனவே காமிரா எடுத்துவிட்டது. எது முன்னால், எது பின்னால், எந்த விளிம்பு மங்க வேண்டும் என்பதைப் பிள்ளை யோசிக்கவே இல்லை. விதிப்படியும் அது ஆபத்து. பிறர் எடுத்த போட்டோவையோ பிறர் படைப்பையோ பயன்படுத்தினால், வெறும் நகலைத் தாண்டித் தன்னுடையதாகப் பெரிதும் வளர்த்திருக்க வேண்டும் என்பது காலேஜ் போர்டின் நிபந்தனை. உங்கள் பெட்டியில் உள்ள நடிகர் முகங்களும் அனிமே பாத்திரங்களும் இங்கேதான் அடிபடுகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கோ எந்தக் கட்டத்திலும் முழுத் தடை. யோசனைக்காக ஒரு படம் உருவாக்கிப் பார்த்தேன் என்பதும் அதற்குள் அடங்கும்.

அதனால் கோடையில் அவள் செய்ய வேண்டியது நேரில் பார்த்து வரைவது. சமையலறை மேடை, துணி காயும் கொடி, தூங்கும் அப்பா, காலணிகள் சிதறிக் கிடக்கும் வாசல். தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து ஒரே கோட்டில் வரையும் பயிற்சி முதலில் சிரிப்பாக இருக்கும், விடாமல் செய்யட்டும். நாற்காலியை வரையாமல் நாற்காலிக் கால்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களை மட்டும் வரைவது இன்னொன்று. மாலையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டுவிட்டு, கசக்கிய காகிதப்பை ஒன்றை வைத்துக் கரியில் வரைந்தால் ஒளியும் நிழலும் தாமாகவே பாடம் நடத்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கையளவு நோட்டில் மட்டுமே வரைந்து பழகிய பிள்ளை பெரிய தாளில் தோளிலிருந்து கோடு இழுக்கத் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் ஜூனில் வரட்டும், நவம்பரில் வேண்டாம்.

டிராயிங்கா 2-டியா என்பதற்குப் பொருளை வைத்து விடை தேடாதீர்கள். பென்சிலும் நீர்வண்ணமும் இரண்டிலும் போகும். ஐபேடில் வரைந்ததும் போகும். எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டிராயிங் பிரிவில் தடம் பதிக்கும் விதம், கோடு, பரப்பு, இடவெளி, ஒளி-நிழல், அமைப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 2-டியில் வடிவமைப்புக் கூறுகளும் ஒத்திசைவும் முன்னால் வரும். போட்டோகிராபி, போஸ்டர், படத்துண்டு ஒட்டு வேலை செய்பவர்களுக்கு அது இயல்பான இடம். உங்கள் மகள் எப்போதும் பென்சிலும் கையுமாக இருப்பவள் என்றால் டிராயிங் போதும். இரண்டிலும் தொகுப்பு கொடுக்கலாம், ஆனால் ஒரே படத்தை இரண்டிலும் காட்ட முடியாது. மற்ற ஏ.பி. பாடங்களோடு சேர்த்து அதைச் சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஐந்து தேர்ந்த படைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவை தொடர் தேடலிலிருந்தும் வரலாம், வெளியிலிருந்தும் வரலாம். ஒன்றோடொன்று தொடர்பு இருக்க வேண்டியதும் இல்லை. பெட்டியில் அவளே பார்த்து, அவளே அமைத்து வரைந்த படம் ஏதேனும் இருந்தால் அதற்கான இடம் இதுதான். அந்தப் பரதநாட்டியப் பெண் ஒருவேளை அரங்கேற்றத்தில் நேரில் பார்த்து வரைந்தவளாக இருந்தால், தாராளமாக.

எழுத்துப் பகுதியைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம், அலட்சியம் செய்பவர்கள் அதைவிட அதிகம். தொடர் தேடலுக்கு இரண்டு பதில்கள்: உன் கேள்வி என்ன என்பது ஒன்று; பயிற்சி, சோதனை, திருத்தம் எங்கே நடந்தது என்பது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் இடைவெளிகளையும் சேர்த்து 600 எழுத்துகளுக்குத்தான் இடம். ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய நூறு சொல். ‘மனித உணர்வுகளின் ஆழத்தை ஆராய்கிறேன்’ என்று தொடங்கினால் பாதி இடம் காற்றில் போய்விடும். ‘4ஆம் படத்தில் ரப்பரால் அழித்தது உடைந்ததாகத் தெரியவில்லை, அதனால் 6ஆம் படத்தில் தாளையே வெட்டினேன்’ என்பதுபோல எண்ணைச் சொல்லி எழுதட்டும். இலக்கணத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் குறைப்பதில்லை. படத்தில் இல்லாததை எழுத்தில் சொன்னால் குறையும். இதைத் தவிர ஒவ்வொரு படத்துக்கும் பொருள், செய்முறை, அளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அங்கே ‘பென்சில், தாள்’ என்று நிறுத்திவிடாமல், காப்பிக் கறையோ பழைய கணக்கு நோட்டுத் தாளோ பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

மதிப்பிடுபவர் பார்ப்பது திரையில் என்பதால், ஒளிப்படம் மோசமாக இருந்தால் ஓவியமும் மோசம்தான். ஃபிளாஷ் வேண்டாம். பென்சில் படம் ஃபிளாஷில் பளபளத்து, கறுப்பு இடமெல்லாம் சாம்பலாகிவிடும். மேகமூட்டமான நாளில் ஜன்னலருகே சுவரில் ஒட்டி, போனைத் தாளுக்கு நேர் எதிரே இணையாகப் பிடித்து எடுத்தால் போதுமானது. தாளின் விளிம்புவரை வெட்டிவிட வேண்டும். பின்னால் மேசை விரிப்பு தெரியக் கூடாது. பெயரோ பள்ளியின் பெயரோ எங்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிப்பயிற்சி பற்றி. அனுப்பலாம், ஆனால் சேர்வதற்கு முன் அங்கே ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். யாராவது ஒரு மாணவரின் ஸ்கெட்ச் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எல்லா மாணவர்களின் படங்களும் ஒரே கை வரைந்ததுபோல் இருந்தால் அங்கே ஆசிரியரின் கைதான் வேலை செய்கிறது. ‘ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் உத்தரவாதம்’ என்று எழுதி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடலாம். மாடலை உட்காரவைத்து வரையச் சொல்லித்தரும் வகுப்பு உங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜிலோ அருங்காட்சியகத்திலோ இருந்தால், தொகுப்புப் பயிற்சி என்ற பெயர் இல்லாவிட்டாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மாதிரித் தொகுப்புகளை மதிப்பெண்ணோடும் அதற்கான காரணத்தோடும் காலேஜ் போர்டே தன் தளத்தில் வெளியிடுகிறது. உயர்ந்த மதிப்பெண் வாங்கியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். நடுத்தர மதிப்பெண் வாங்கியவற்றை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். நன்றாக வரைந்திருந்தும் ஏன் நடுவிலேயே நின்றது என்பது அவற்றில்தான் தெரியும்.

கல்லூரிச் சேர்க்கைக்கு இது உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். மதிப்பெண் ஜூலையில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தை எடுப்பவர்களுக்கு அதற்குள் சேர்க்கை முடிவுகளெல்லாம் வந்துவிட்டிருக்கும். உங்கள் மகள் பதினொன்றிலேயே எடுப்பது அந்த வகையில் வசதி. ஓவியமும் வடிவமைப்பும் கற்பிக்கும் கல்லூரிகள் மதிப்பெண்ணைவிடப் படங்களைத்தான் பார்க்கும். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் போன்றவை 12 முதல் 20 வரை கேட்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் செய்த தொடர் தேடலிலிருந்தே பாதிக்கு மேல் கிடைத்துவிடும். அந்தப் பக்கம் ஆர்வம் இருந்தால், பல நகரங்களில் நடக்கும் ‘நேஷனல் போர்ட்ஃபோலியோ டே’ நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லூரிப் பிரதிநிதிகள் படங்களை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், கட்டணம் கிடையாது, வரிசைதான் நீளம். ஸ்கெட்ச் புத்தகத்தையும் எடுத்துப் போகட்டும். மேசைக்கு முன்னால் அவளே உட்கார்ந்து பேசட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.